பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் ஸ்தோத்திரம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன: கஷ்டத்தின் நடுவில் தேவனுக்கு எப்படி நன்றி சொல்வது? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன். எழுதியவர்கள் பலர் பெயர் வேண்டாம் என்றார்கள். யாருடைய பெயரையும் போடவில்லை.

*கேள்வி: ஐயா, என் கணவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. சபையில் எல்லாரும், "எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள், அதுதான் தேவசித்தம்" என்கிறார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன். ஆனால் உள்ளுக்குள் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. இது பாவமா?*

பாவம் இல்லை, சகோதரி. பொய்யாகிவிடுமோ என்று உங்களுக்கு உறுத்துகிறதே, அதிலிருந்தே தெரிகிறது, தேவனிடம் உண்மையாக இருக்க நினைக்கிறீர்கள்.

உங்களுக்குச் சொல்லப்படுகிற வசனத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 1 தெசலோனிக்கேயர் 5:18: "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்." எல்லாவற்றிலேயும் என்று இருக்கிறது. பவுல் எழுதிய கிரேக்கத்திலும் "உள்ளே" என்று பொருள்படும் சொல்தான் இருக்கிறது. கஷ்டத்துக்குள் இருந்துகொண்டு நன்றி சொல்வது வேறு, கஷ்டத்துக்கே நன்றி சொல்வது வேறு. இந்தக் கடிதத்தைப் பெற்றவர்களும் வசதியாக உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. ஊரில் கலகம் எழும்பி, யாசோன் என்பவரை வீட்டிலிருந்து அதிகாரிகளிடம் இழுத்துக்கொண்டு போனதை அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தச் சபையில் சிலர் இறந்தும் போயிருந்தார்கள். மீதிப்பேர் துக்கத்தில் இருந்தார்கள். "ஏன் துக்கப்படுகிறீர்கள்" என்று பவுல் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கை இல்லாதவர்களைப்போல துக்கப்படாதீர்கள் என்றுதான் எழுதினார்.

எபேசியர் 5:20ல் "எல்லாவற்றிற்காகவும்" என்று இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதே அதிகாரத்தின் 11ஆம் வசனம், அந்தகாரக் கிரியைகளுக்கு உடன்படாமல் அவைகளைக் கடிந்துகொள்ளுங்கள் என்கிறது. தீமையைக் கடிந்துகொள் என்று சொன்ன அதே மனுஷர், ஒன்பது வசனம் தள்ளி, தீமைக்கே நன்றி சொல் என்று சொல்லியிருக்க மாட்டார். நான் அதை அப்படித்தான் வாசிக்கிறேன்.

சரி, பின்னே என்ன சொல்வது? ஆபகூக்கின் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே அதிகாரம். கடைசியில் வருகிற "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்ற வரியைத்தான் எல்லாரும் சட்டம்போட்டு மாட்டுகிறார்கள். அதற்கு முன்னால் அவர் ஒரு கணக்கு எழுதியிருக்கிறார். அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சச்செடியில் பழமில்லை, ஒலிவமரம் பலன் தரவில்லை, வயலில் விளைச்சலில்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. ஆறு இழப்புகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிவிட்டுத்தான் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் புத்தகம் தொடங்குவதே "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்ற முறையீட்டோடுதான். நீங்களும் உங்கள் கணக்கை எழுதுங்கள். விண்ணப்பத்துக்குப் பதில் வராமற்போனாலும், கணவர் என்னோடு பேசாமலே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும், பிள்ளை கேட்டதற்கு இல்லை என்று சொல்லவேண்டியிருந்தாலும் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதி முடித்தபிறகு, அன்றைக்கு உண்மையிலேயே நடந்த ஒரு நல்ல காரியம் இருந்தால் அதற்கு மட்டும் நன்றி சொல்லுங்கள். ஒன்றே ஒன்று போதும்.

என் மனைவி பக்கவாதத்தில் விழுந்த முதல் வாரம் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. இரவுப் பணியில் ஒரு நர்ஸ் இருந்தார். படுக்கைப்புண் வந்துவிடக் கூடாது என்று இரண்டு மணிக்கொருமுறை வந்து என் மனைவியைப் புரட்டிப் படுக்கவைப்பார். ஒருமுறையும் சலித்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு தடவையும், "அம்மா, இப்போ திருப்பப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கைவைப்பார், பதில் வராது என்று தெரிந்தும். "கர்த்தாவே, இந்தப் பிள்ளைக்காக ஸ்தோத்திரம்" என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. பக்கவாதத்துக்கு நான் அன்றைக்கும் நன்றி சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை.

நம்முடைய ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார். அதே இராத்திரியில், "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்றும் கெஞ்சினார். இரண்டும் ஒரே வாயிலிருந்து, சில மணி நேர இடைவெளியில் வந்தவை. இரண்டாவது ஜெபம் முதல் ஜெபத்தைப் பொய்யாக்கிவிடவில்லை.

*கேள்வி: பத்தொன்பது வயதில் என் மகன் போய்விட்டான். அடக்க ஆராதனையில் ஒருவர் என் தோளைப் பிடித்து, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் சபையில் என் வாய் திறக்கவே மாட்டேன் என்கிறது.*

ஐயா, உங்கள் கடிதத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு இரண்டு நாள் எதுவும் எழுதாமல் இருந்தேன்.

ஒரு காரியத்தை அறிக்கையிட வேண்டும். ஊழியத்துக்கு வந்த இரண்டாம் வருஷம் நானும் இதைச் செய்திருக்கிறேன். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய், நன்றி சொல்லுங்கள் அம்மா, ஆறுதல் வரும் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவர் சபைக்கு வரவேயில்லை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு உறைத்தபோது அவர்கள் வீடு மாறிப் போய்விட்டிருந்தார்கள். இப்போது உங்களிடம் கேட்கிறேன், உங்கள் தோளைப் பிடித்தவருக்காகவும் சேர்த்து.

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது யோபு 1:21ல் யோபு தானாகச் சொன்ன வார்த்தை. யாரும் அவர் வாயில் போட்டு வாங்கியது இல்லை. அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதற்குப்பின் முப்பத்தொன்றாம் அதிகாரம்வரை, நடுநடுவே சிநேகிதர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, தேவனோடு வழக்காடுகிறார். அவருடைய சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்து தேவனுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டது. கடைசியில் தேவன் என்ன சொன்னார்? என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அந்தச் சிநேகிதர்கள்மேல்தான் கோபப்பட்டார். முறையிட்டவன் பேச்சு தேவனுக்கு ஏற்றதாக இருந்தது.

88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது ஒரு நம்பிக்கை வரிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே நின்றுவிடும். அதுவும் வேதாகமத்தில் இருக்கிறது, ஆராதனையில் பாடுவதற்கென்று தரப்பட்ட பாட்டாக இருக்கிறது.

ஆகவே சபையில் உங்கள் வாய் திறக்காவிட்டால் திறக்க வேண்டாம். பின்வரிசையில் போய் உட்காருங்கள். மற்றவர்கள் பாடட்டும். உங்கள் மகனுடைய பெயரை யாராவது உங்களிடம் சொல்லிப் பேசுகிறார்களா? பேசுகிற ஒருவர் இருந்தால் அவரோடு இருங்கள். இவனைப் பத்தொன்பது வருஷம் எனக்குத் தந்தீரே என்று ஒருநாள் உங்களுக்கே சொல்லத் தோன்றலாம். அது எப்போது வரும் என்று நான் சொல்லமாட்டேன். வரவில்லையே என்று கேட்கவும் மாட்டேன்.

*கேள்வி: துதித்தால் கட்டுகள் உடையும், பவுலும் சீலாவும் பாடினபோது சிறைக்கதவு திறந்தது என்று பிரசங்கத்தில் கேட்டேன். நாற்பது நாள் உபவாசமிருந்து ஸ்தோத்திரம் சொன்னேன். எதிர்பார்த்த வேலை கிடைக்கவில்லை. என் விசுவாசத்தில் என்ன குறை?*

தம்பி, குறை உன் விசுவாசத்தில் இல்லை. நன்றியை ஒரு சாவியாக்கி உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். பூட்டுக்குச் சேரவில்லை என்றதும் உன்னையே சந்தேகப்படுகிறாய்.

பிலிப்பியில் கதவு திறந்தது உண்மை. ஆனால் அதே பவுல் செசரியாவில் இரண்டு வருஷம் காவலில் இருந்தார், ரோமாபுரியில் இன்னும் இரண்டு வருஷம். அங்கே பூமி அதிரவில்லை. அவர் நன்றி சொல்வதையும் விடவில்லை. பிலிப்பியர் நிருபமே காவலில் இருந்தபடி எழுதியதுதான், அதுவும் ஸ்தோத்திரத்தோடுதான் தொடங்குகிறது. சரீரத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது.

பிலிப்பியிலும்கூட, கதவு திறந்தபிறகு அவர்கள் ஓடவில்லை என்பதைக் கவனித்தாயா? சிறைக்காரன் தற்கொலை செய்துகொள்ளப் போனபோது, "நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று பவுல் குரல்கொடுத்தார். வெளியே போகத்தான் பாடினார்கள் என்றால் அங்கேயே ஏன் நின்றார்கள்?

வேலை வேண்டும் என்றால் வேலை வேண்டும் என்றே கேள். கேட்பது குறைந்த ஜெபம் இல்லை. இன்னொன்று: உடம்பைப் பார்த்துக்கொள். நாற்பது நாளுக்கப்புறம் இன்னும் களைப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், டாக்டரைப் பார்.

*கேள்வி: என் கணவர் அடிக்கிறார். எனக்கு ஆலோசனை சொல்கிற அம்மா, "அவருக்காக ஸ்தோத்திரம் சொல்லிப் பொறுமையாயிரு, கர்த்தர் மாற்றுவார்" என்கிறார். மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.*

மகளே, அந்த வீட்டைவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போ. முதலில் அது. இந்தப் பத்திரிகையை மூடிவிட்டு, உன்னை நம்புகிற ஒருவரிடம் இன்றைக்கே சொல்.

வேதத்தில் ஆதாரம் வேண்டுமா? போன பதிலில் சொன்ன அதே பவுலைத்தான் காட்டுவேன். நடு இரவில் சிறையில் பாடினவர், பொழுது விடிந்ததும் என்ன செய்தார்? "போகலாம்" என்று அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். அவர் போகவில்லை. நியாயம் விசாரியாமல் ரோமராகிய எங்களை வெளியரங்கமாய் அடித்தார்கள், இப்பொழுது இரகசியமாய் அனுப்பிவிடப் பார்க்கிறார்களோ, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். அதிகாரிகள் வந்து கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இரவில் ஸ்தோத்திரம் சொன்ன அதே நாவுதான் காலையில் அடித்தவர்களிடம் கணக்குக் கேட்டது. அப்போஸ்தலர் 16:37. உனக்கு ஆலோசனை சொல்கிறவருக்கு இதை வாசித்துக் காட்டு. ஆனால் அவர் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்காதே.

*கேள்வி: கஷ்டம் வரும்போது "நம்மைவிட மோசமாக இருக்கிறவர்களைப் பார்த்து நன்றி சொல்" என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.*

உங்களுக்கு ஒட்டாதது நல்லது. இயேசு சொன்ன ஒரு கதையில், தேவன் ஏற்றுக்கொள்ளாத ஒரு ஸ்தோத்திர ஜெபம் இருக்கிறது. லூக்கா 18ல் பரிசேயன் சொன்னதுதான்: மற்ற மனுஷரைப்போலவும் "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." வார்த்தை என்னவோ ஸ்தோத்திரம்தான். ஆனால் அது தூரத்தில் நின்ற மனிதன்மேல் ஏறி நின்று சொன்னது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, அவரைவிட நாம் பரவாயில்லை என்று நன்றி சொன்னால், நம்மைப் பார்த்து அவர் என்ன சொல்ல வேண்டும்? பக்கத்துக் கட்டில்காரருக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுங்கள். ரோமர் 12:15 அழுகிறவர்களுடனே அழச் சொல்கிறது.

*கேள்வி: கஷ்டத்திலும் நன்றி சொல்லும் குணத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?*

கஷ்டம் வருவதற்கு முன்னாலேயே, சின்னச் சின்ன வேளைகளில். ஜெர்மனியில் எய்லன்பர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஒரு லுத்தரன் போதகர் இருந்தார். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரின் காலம். 1637ல் அந்த ஊரில் கொள்ளைநோய் புகுந்தது. ஆயிரக்கணக்கானவர்களை அவர் அடக்கம்பண்ண வேண்டிவந்தது. அவருடைய மனைவியும் அதில் இறந்துபோனார். உலகமெங்கும் சபைகள் இன்றும் பாடுகிற ஒரு நன்றிப் பாட்டு அவர் எழுதியது. அது பெரிய விழாவுக்கென்று எழுதியது இல்லை, வீட்டில் சாப்பாட்டு வேளையில் சொல்லும் ஜெபமாக எழுதியது. எனக்கு அதில் பிடித்த விஷயம் இதுதான். அவ்வளவு சவங்களைப் பார்த்த மனிதர் தம் வீட்டுப் பந்திக்கென்று எழுதிய நன்றி அது.

இன்னொரு சின்னக் குறிப்பு. லேவியராகமம் 7ல் ஸ்தோத்திரபலியின் மாம்சத்தை அன்றைக்கே புசிக்க வேண்டும், விடியற்காலம்வரை மீதி வைக்கக் கூடாது என்று கட்டளை இருக்கிறது. பிள்ளைகளோடு ஜெபிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்குள்ளதை அன்றன்றைக்கே சொல்லட்டும். பயமாக இருந்தது, அழுதேன் என்பதையும் அதே ஜெபத்தில் சொல்ல விடுங்கள்.

*கேள்வி: நோயாளியாக இருக்கிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் பழக்கத்தில் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று வாய் சொல்கிறது, மனம் எங்கேயோ இருக்கிறது. இப்படி வெறும் வாயால் சொல்வதைத் தேவன் கேட்பாரா?*

இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், அம்மா.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் என் மனைவிக்கு மூளையின் இடது பக்கம் இரத்த ஓட்டம் அடைபட்டது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. நாங்கள் சொல்வது ஓரளவு புரியும். பதில் வராது. என் பெயர் வராது, பிள்ளைகள் பெயர் வராது. மூன்றாம் வாரம் முதல் வார்த்தை வந்தது: "ஸ்தோத்திரம்."

பார்க்க வந்த சபையார் அழுதுவிட்டார்கள். பெரிய சாட்சி என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரு வாரம்வரை. பிறகுதான் கவனித்தேன். தாகம் எடுத்தாலும் ஸ்தோத்திரம், வலித்தாலும் ஸ்தோத்திரம், விளக்கை அணை என்பதற்கும் ஸ்தோத்திரம். பேச்சுப்பயிற்சி கொடுக்க வந்தவர் விளக்கினார்: ஆயிரக்கணக்கான தடவை சொல்லிப் பழகின வார்த்தைகள், ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது, இவையெல்லாம் இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு மிஞ்சி நிற்கும். மற்ற பேச்சைப்போல இவற்றைப் புதிதாகக் கட்டி எடுக்கவேண்டியதில்லை. சொல்ல நினைத்தது ஒன்றாக இருக்கும், வாயில் வருவது இதுவாக இருக்கும். என் மனம் உடைந்தது. அப்படியானால் இது நன்றியே இல்லையா? வெறும் பழக்கமா?

நாங்கள் படங்கள் ஒட்டின ஒரு அட்டை வைத்திருந்தோம். தண்ணீர், கழிப்பறை, போர்வை, விளக்கு. ஒரு நாள் இரவு அவள் எதையோ கேட்கிறாள், எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு படமாகக் காட்டினேன். எதுவும் இல்லை. எனக்கு மூன்று இரவுத் தூக்கம் பாக்கி, "என்னதான் வேண்டும்?" என்று கத்திவிட்டேன். இடது கையால் அட்டையைத் தட்டிவிட்டாள். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அழுதுகொண்டே கத்தினாள். அவ்வளவு கோபமான ஸ்தோத்திரத்தை நான் கேட்டதில்லை. அப்போதுதான் பார்த்தேன், அசையாத வலது தோள் உடம்புக்கடியில் மடங்கிக் கிடந்தது. எடுத்து நேராக்கி, கீழே தலையணை வைத்தேன். சற்று நேரம் கழித்து என் விரலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள், "ஸ்தோத்திரம்." அதே வார்த்தைதான். ஆனால் முதலில் வலி என்றாள், இப்போது நன்றி என்றாள். இரண்டும் எனக்குப் புரிந்தது.

தூங்காமல் சிடுசிடுத்துக்கொண்டிருந்த எனக்கே அது புரிந்தது, அம்மா. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. உங்கள் வாய் எதைச் சொல்கிறதோ அதைச் சொல்லட்டும். அதற்கடியில் மடங்கிக் கிடப்பதை அவர் பார்க்கிறார்.

இதை எழுதும்போது என் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது முப்பது வார்த்தைகள்போல வரும். உங்கள் கடிதத்தை மட்டும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கப் பார்த்தாள். பெயர் வரவில்லை, இரண்டு மூன்று தரம் முயன்றாள். அப்புறம் கடிதத்தின்மேல் இடது கையை வைத்து, தனக்கு வருகிற வார்த்தையைச் சொன்னாள்.